ஒரு தாய் அசுவினியின் வம்சம்

செம்பூரில் நான் வேலை பார்த்த சோதனைக்கூடத்திலிருந்து போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் இருக்கிறாளாம். தாராவியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழில் ஆரம்பித்து, பாதியில் இந்திக்குத் தாவி, திரும்பத் தமிழுக்கு வந்து விழுந்தாள்.

"அங்கிள், நம்ம மாவா கூண்டு பார் பார், திரும்பத் திரும்பச் செத்துப்போவுது. ஏசி ரூம், டைமர் லைட்டு, சப் குச், எல்லாமே இருக்கு. நீங்க ஒண்ணுமே இல்லாம இத்தன வருஷம் ஒரே லைனை எப்படி அங்கிள் காப்பாத்துனீங்க? எழுதிக் குடுங்களேன். தமிழ்லயே எழுதுங்க. எனக்குப் படிக்க வராது, மம்மி படிச்சுச் சொல்லும்."

மாவா என்றால் அசுவினி. செடிப்பேன் என்றும் சொல்வார்கள். பம்பாயில் காய்கறி போடுகிறவன் முதல் பெரிய படிப்புப் படித்தவர் வரை எல்லாருக்கும் அது மாவாதான். அந்தப் பெண் கேட்ட 'லைன்' ஒரே ஒரு தாய்ப்பூச்சியிலிருந்து வந்த வம்சம். நான் ஓய்வு பெற்ற அன்று, "மைதீன் பாய் ஒரு வம்சத்தையே காப்பாற்றியவர்" என்று மாலை போட்டுப் பேசினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

நான் அதைக் காப்பாற்றவில்லை. அது என் கையால்தான் அழிந்தது. அதோடு ஒரு பெண்ணின் வேலையும் போயிற்று. கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான், ஆகையால் அதைத்தான் எழுதப்போகிறேன். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குப் பொறுமை இருக்கட்டும்.

என் வாப்பா கடையநல்லூரிலிருந்து வந்து தாராவித் தோல் கிடங்கில் உப்புத்தோல் சுமந்தவர். நான் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்து, பத்தாவதில் ஒரு தடவை கோட்டைவிட்டு, மறு தடவை தேறி, செம்பூரில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். கழுவிக் கழுவியே ஆறு வருஷம் போயிற்று. ஒரு நாள் கூடத்தின் தலைவர் தேஷ்முக் சார் என்னைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார். விரல் நடுங்குகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். நடுங்கவில்லை. மறுநாள் முதல் நான் கூண்டறையில்.

தேஷ்முக் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மராட்டிக்காரர், எங்களோடு இந்தியில் பேசுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்பு நடந்திருந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பிப்பார். துடைத்து முடிப்பதற்குள் எதிரில் நிற்பவன் தானாக எல்லாவற்றையும் கக்கிவிடுவான். கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். காலையில் கூண்டறை வாசலில் நின்று என்னை மோந்து பார்ப்பார். ஆமாம், மோந்துதான். பவுடர் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு அத்தர் மணக்க வந்தால், "தொழுகை நல்லபடி ஆச்சா? போ, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா" என்று அனுப்பிவிடுவார்.

அவருடைய சட்டங்கள் மூன்று. மருந்தறையில் கால் வைத்தவன் அன்று கூண்டறைக்குள் வரக் கூடாது. கூண்டறைச் சாமான் எதுவும் அந்த அறையைத் தாண்டக் கூடாது. கீழே இருக்கிற கூண்டுகளுக்குத் துணையாக மாடியில் ஒரு கூண்டு தனியாக இருக்கும், அதற்குத் தனித் தண்ணீர், தனிப் பாத்திரம். கீழே ஏதாவது ஆகிப்போனாலும் மேலே ஒன்று மிஞ்ச வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. இதில் எதை மீறினாலும் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும் என்று சேர்ந்த முதல் நாளே சொல்லியிருந்தார்.

எங்கள் அசுவினி காராமணிச் செடியில் வாழ்கிற இனம். தாய் கறுப்பாக, எண்ணெய் பூசினது போல மினுங்கும். கால் மட்டும் வெளுப்பு. அளவில் ஒரு கடுகு தேறாது. ஊசி மாதிரியான வாயைத் தண்டில் செருகிவிட்டால் சாமானியத்தில் உருவாது, சாற்றைக் குடித்துக்கொண்டு அப்படியே கிடக்கும். குடித்தது மிஞ்சினால் பின்பக்கம் தேன் போலச் சொட்டும், அதற்கு எறும்பு வரும். குளிர் தேசங்களில் வருஷத்துக்கு ஒரு தடவை ஆண் பிறந்து, முட்டை வைத்து, அந்த முட்டைதான் பனியைத் தாண்டுமாம். பம்பாய் வெக்கையில் அந்தச் சங்கடமே இல்லை. ஆணே கிடையாது. பெண் பெண்ணைப் பெறும், முட்டையாக இல்லாமல் குட்டியாகவே பெறும். குட்டி வெளியே வரும்போதே அதன் வயிற்றில் அடுத்த தலைமுறை உருவாக ஆரம்பித்திருக்கும். நாலு தடவை தோலுரித்தால் ஒரு வாரத்தில் அதுவும் தாய். கூட்டம் அதிகமாகி இடம் நெருக்கினால் மட்டும் சில மகள்கள் இறக்கையோடு பிறந்து வேறு செடி தேடிப் பறக்கும்.

இதை வீட்டில் என் மனைவி ஜுலைகாவிடம் சொன்னபோது, "ஆம்பள இல்லாமயே எல்லாம் நடக்குதா? நல்ல ஏற்பாடுதான்" என்றாள்.

ஒரு தாயிலிருந்து இப்படி வருவதால் வம்சம் முழுக்க அச்சு அசல் ஒரே பூச்சி. மருந்து சோதிப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மருந்து வாசனையே படாத ஒரு காட்டோரத்திலிருந்து தேஷ்முக் சார் எப்போதோ ஒரே ஒரு தாயை எடுத்து வந்து பெருக்கியிருந்தார். தோட்டத்தில் இருக்கிற மாவா மருந்துக்குப் பழகிவிட்டதா என்று தெரிய வேண்டுமானால், அதையும் எங்கள் லைனையும் எடுத்து ஒரே மருந்தை ஒரே அளவில் தெளிக்க வேண்டும். எங்களுடையது செத்து, தோட்டத்துப் பூச்சி பிழைத்தால் பழகிவிட்டது என்று அர்த்தம். கடைத் தராசில் படிக்கல் எப்படியோ அப்படித்தான் எங்கள் லைன். அந்தக் கல்லுக்கு நான் காவல்.

பூச்சியை ஒரு இலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதில்தான் கை பார்க்கப்படும். மெல்லிய தூரிகையின் நுனியை ஈரமாக்கி, பூச்சியின் பின்பக்கம் லேசாகத் தொட வேண்டும். தொட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது எரிச்சல்பட்டு ஊசியைத் தண்டிலிருந்து உருவி, நாலு அடி நடக்கும். அப்போதுதான் எடுக்கலாம். அவசரப்பட்டு அள்ளினால் ஊசி முறிந்து தண்டிலேயே தங்கிவிடும். பூச்சி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், இரண்டு நாளில் பட்டினியில் சாகும். அது மருந்தில் செத்ததாகக் கணக்காகிவிடும். "உன் அவசரம் என் ரிப்போர்ட்டில் பொய்யாக ஏறும்" என்பார் தேஷ்முக் சார். நான் அவசரப்பட்டதில்லை. அதனால்தான் என் நோட்டில் நான் எழுதியதை யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை.

கோமதி மேடம் எண்பதுகளின் நடுவில் வந்து சேர்ந்தார். மாட்டுங்காவில் குடியிருந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண், எம்.எஸ்சி. முடித்துவிட்டு நேராக இங்கே வந்தவர். ஒரு வருஷம் வேலையைப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவே ரயில் பாதையோரத்தில் அப்போது கீரையும் வெண்டையும் காராமணியும் போடுவார்கள். மேடம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தச் சேற்றில் இறங்கிவிடுவார். அங்கே ராம்லால் என்று ஓர் உத்தரப்பிரதேசத்துக்காரர். புதிதாக வந்த ஒரு மருந்தைக் கையுறை இல்லாமல், மூக்கை மூடாமல், அடி அடியென்று அடித்துக்கொண்டிருந்தார். "தவா மார்தா ஹூம், மாவா நஹி மர்தா" என்பதுதான் அவர் ஒரே புலம்பல். மருந்துதான் அடிக்கிறேன், மாவா சாகமாட்டேன் என்கிறது என்று.

மேடம் ராம்லாலின் பூச்சியைக் கொண்டுவந்து தனி அறையில் வளர்த்தார். முதல் நாள் மருந்தைக் கலந்து எங்கள் லைனுக்கு அடித்தார். மறுநாள் புதிதாகக் கலந்து ராம்லாலின் பூச்சிக்கு அடித்தார். அதற்கும் மறுநாள் கூண்டறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரக் கூடாது என்பதால் வாசலிலிருந்தே கத்தினார்.

"மைதீன் பாய், உங்க பொண்ணுகள் எல்லாம் காலி! ராம்லாலோட பொண்ணுகள் ஒண்ணுமே ஆகாத மாதிரி ஜம்முனு உக்காந்திண்டிருக்கு!"

"அப்ப ராம்லால் சொன்னது நெசந்தான் மேடம்?"

"நிஜம்தான். அந்த மனுஷன் வெறும் விஷத்துல குளிச்சிண்டிருக்கார். ஒரு பிரயோஜனமும் இல்லை. நிறுத்தச் சொல்லி எழுதணும்."

புது மருந்து என்பதால் எங்களிடம் அதற்குப் பழைய கணக்கு எதுவும் கிடையாது. மேடம் செய்ததுதான் முதல் சோதனை. தேஷ்முக் சார் தாள்களைப் புரட்டிப் பார்த்து, "நல்லா இருக்கு. இன்னொரு சுற்று செய். அதே மாதிரி வந்தா கையெழுத்துப் போடறேன்" என்றார். அந்தக் கையெழுத்து விழுந்தால் மேடத்துக்கு வேலை நிரந்தரம். ராம்லாலுக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் மருந்தை நிறுத்தச் சொல்லிக் கடிதம் போகும். புதுச் செடி வளர வேண்டும், ஆகவே இரண்டாம் சுற்றுக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்த மூன்று வாரத்துக்குள்தான் என் வீட்டு மூட்டைப்பூச்சி குறுக்கே வந்தது.

தாராவியில் எங்களுக்கு ஒரே அறை, ஒரே கயிற்றுக் கட்டில். அதில்தான் என் மகள் படுப்பாள், அப்போது மூன்று வயது. ஒரு சனிக்கிழமை காலை ஜுலைகா பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"இங்க பாருங்க, புள்ள முதுகெல்லாம் தடிச்சுப் போய்க் கெடக்கு. ஊருல உள்ள பூச்சிக்கெல்லாம் நீங்க மருந்து பாக்குறிய. ஒங்க வீட்டு மூட்டப்பூச்சிக்கு ஒண்ணுமில்லியா?"

குத்தலாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அன்று மருந்தறை ஆளிடம் நைச்சியமாகப் பேசி ஒரு சின்னப் புட்டியில் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். கட்டில் சட்டங்களின் இடுக்கில் ஊற்ற மெல்லிய மூக்குள்ள பாத்திரம் வேண்டும். கூண்டறையில் ஒன்று இருந்தது. இலை நனையாமல் தொட்டியின் அடியில் தண்ணீர் விட, நீண்ட மூக்கு வைத்த ஒரு பிளாஸ்டிக் கெண்டி. அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கட்டிலை வெளியே போட்டு இடுக்கிடுக்காக ஊற்றினேன். பிள்ளை படுக்கிற கட்டிலில் என்ன விஷத்தை ஊற்றினேன் என்று இன்று தெரிகிறது. அன்று பெருமையாக இருந்தது. கெண்டியைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். மூக்குக் குழாய்க்குள் விரல் போகவில்லை, தண்ணீரை விட்டுக் குலுக்கினேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை எல்லாத் தொட்டிக்கும் அந்தக் கெண்டியால் தண்ணீர் விட்டேன். மாடிக் கூண்டுக்குரிய பாத்திரத்தின் மூக்கில் ஏதோ அடைத்திருந்தது. ஒரு நாள்தானே என்று மாடிக்கும் இதையே எடுத்துக்கொண்டு ஏறினேன்.

சில மருந்து இலையில் பட்டால்தான் கொல்லும். நான் வீட்டுக்குக் கொண்டுபோனது வேர் வழியாக ஏறிச் சாற்றில் கலக்கிற சாதி. மண்ணில் துளி விழுந்தாலும் செடியே விஷமாகிவிடும். சாறு குடித்தே உயிர்வாழ்கிற பூச்சிக்குத் தப்ப வழியில்லை. செவ்வாய்க்கிழமை குட்டிகள் உதிர்ந்து கிடந்தன. நான் செடி வாடல் என்று நினைத்தேன். புதன்கிழமை கதவைத் திறந்தபோது தொட்டி விளிம்பெல்லாம் மிளகுப்பொடி தூவியது போல இருந்தது. மாடிக்கு ஓடினேன். அங்கேயும் அதே.

கீழே வந்து தூரிகையை எடுத்தேன். ஒன்றே ஒன்று உயிரோடு இருந்தால் போதும். ஒரு தாய் போதும், ஒரு குட்டிகூடப் போதும், ஆண் தேட வேண்டியதில்லை, ஒரு மாதத்தில் கூண்டு நிறைந்துவிடும். ஒவ்வொன்றாகப் பின்பக்கம் தொட்டுத் தொட்டுக் காத்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. மாடிக் கூண்டில் ஒரு இளம்பூச்சி காலை அசைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு சுத்தமான தொட்டியில் இளஞ்செடி வைத்து, அதன்மேல் அதை விட்டு, அரிக்கேன் விளக்குக் கண்ணாடியைக் கவிழ்த்து, வாயில் மல்துணி கட்டினேன். மறுநாள் காலை அது கண்ணாடியின் அடியில் மல்லாந்து கிடந்தது.

அப்போதாவது போய்ச் சொல்லியிருக்கலாம். தேஷ்முக் சார் கண்ணாடியைத் துடைத்திருப்பார், என் வேலை போயிருக்கும். ஆனால் வேறு எங்காவது எழுதிக் கேட்டு, மருந்து படாத வேறொரு லைனை வரவழைத்து, இரண்டாம் சுற்றை இரண்டு மாதம் தள்ளிச் செய்திருப்பார்கள். கோமதி மேடத்தின் வேலை பிழைத்திருக்கும். நான் யோசித்ததெல்லாம் என் வீட்டு அடுப்பை மட்டும்தான். கொஞ்சம் வீறாப்பும் இருந்தது. தாராவிப் பையன் என்று ஏளனமாகப் பார்த்தவர்கள் நடுவில், மைதீன் நோட்டில் எழுதினால் அது அப்படியே உண்மை என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரை விட மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் இறங்கிப் பாதையோரத் தோட்டத்துக்குள் போனேன். ராம்லாலின் தோட்டம் இல்லை, அதற்கு ரொம்பத் தள்ளி. ஒரு காராமணிக் கொழுந்து முழுக்கக் கறுப்பாக அப்பியிருந்தது. அதே இனம், அதே மினுக்கம், அதே வெள்ளைக் கால். முறைப்படி ஒரு தாயை மட்டும் எடுத்துத் தொடங்க வேண்டும். இரண்டாம் சுற்றுக்கு அது போதிய எண்ணிக்கை தராது. கொழுந்தோடு ஒடித்துப் பைக்குள் வைத்தேன். மருந்துபட்ட மண்ணையும் செடியையும் வெளியே கொட்டி, கெண்டியையும் எறிந்துவிட்டுப் புதுச் செடியில் இவற்றை ஏற்றினேன். சொன்ன நாளுக்குள் கூண்டு நிறைந்துவிட்டது. நோட்டில் தலைமுறை எண்ணை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எழுதினேன். என் கையெழுத்து அன்று வழக்கத்தைவிட அழகாக இருந்தது.

இரண்டாம் சுற்றில் எங்கள் பூச்சி சாகவில்லை. பாதையோரத்தில் எல்லாரும் அடித்துக்கொண்டிருந்த அந்த மருந்துக்கு நான் ஒடித்து வந்ததும் பழகியிருந்தது. ராம்லாலின் பூச்சியும் சாகவில்லை. இரண்டும் ஒரே மாதிரி உட்கார்ந்து சாறு குடித்துக்கொண்டிருந்தன. மேடம் மருந்து கெட்டுவிட்டதென்று நினைத்துப் புதுப் புட்டியை உடைத்து மறுபடி அடித்தார். அப்போதும் அப்படியே.

தேஷ்முக் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜைமேல் இரண்டு சுற்றுத் தாள்களும் இருந்தன. கண்ணாடியைக் கழற்றினார்.

"மைதீன், கூண்டில் ஏதாவது நடந்ததா?"

என்னைப் பார்க்காமல் சட்டை நுனியைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். கேட்க வேண்டிய கடமைக்குக் கேட்டது போலிருந்தது. "நஹீ சாப்" என்றேன். அவர் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தேன். வேறெதையும் நான் கக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடத்தின் பக்கம் திரும்பினார். "அப்படியானால் முதல் சுற்றில் முதல் நாள் கலவை தப்பு. நீ அளவைக் கூட்டிக் கலந்திருக்கிறாய். அதனால்தான் லைன் செத்திருக்கிறது."

"இல்லை சார், நான் அளந்துதான் கலந்தேன்" என்றார் மேடம். மூன்று தடவை சொன்னார். மூன்றாம் தடவை குரல் இறங்கிவிட்டது.

மறுநாள் மேடம் தனியாக என்னிடம் வந்தார். கையில் ஒரு காராமணி இலை. அதில் ஒரு பூச்சி வைக்கோல் நிறத்தில் உப்பி, செத்து, முதுகில் வட்டமாக ஒரு ஓட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மணல் துகள் அளவில் ஒரு குளவி உண்டு. அது அசுவினிக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளே இருந்தே தின்று வளர்ந்து, கடைசியில் முதுகைத் துளைத்து வெளியே வரும். வெளித்தோட்டத்தில் இது சாதாரணம். வலைக்குள் வருஷக்கணக்கில் வளர்கிற லைனில் ஒருநாளும் வராது.

"பாய், இது நம்ம கூண்டுலேர்ந்து வந்த இலையாக்கும். குளவி எப்படி உள்ளே வந்தது?"

"வலை எங்கயாவது கிழிஞ்சிருக்கும் மேடம்."

"காட்டுங்கோ."

"இப்ப செடி மாத்திக்கிட்டிருக்கேன். நாளைக்குப் பாத்துச் சொல்றேன்."

அவர் போகவில்லை. "பாய், கேக்கறேனேன்னு தப்பா நினைக்காதேங்கோ. இது அதே லைன்தானே?"

"அதே லைன்தான் மேடம்."

எல்லாரும் போனபிறகு ஒரு பிளேடை எடுத்துக் கூண்டின் பின்பக்க வலையில் ஒரு கீறல் போட்டேன். புது வெட்டு பளிச்சென்று தெரிந்தது. பழைய கிழிசல் போலத் தோன்ற விரலால் நூலைப் பிரித்துவிட்டேன். நடுங்காத விரல் என்று தேர்ந்தெடுத்தார்களே, அந்த விரல்தான். காலையில் மேடத்தை வாசலில் நிறுத்தி வலையைத் தூக்கிக் காட்டினேன். அவர் அந்தக் கிழிசலைப் பார்த்தபடியே நின்றார்.

"சரி. என்னெல்லாமோ நினைச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்கோ பாய்" என்றார்.

என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். ஊரார் சாபத்தைக்கூட நான் தாங்கியிருப்பேன், அந்த வார்த்தையை இன்றுவரை தாங்க முடியவில்லை.

அதன்பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. முதல் சுற்று தள்ளுபடி, தயாரிப்பில் பிழை என்று தேஷ்முக் சார் எழுதினார். அவரைக் குற்றம் சொல்ல நான் யார், என் நோட்டை நம்பித்தான் எழுதினார். மேடத்தை நிரந்தரமாக்கவில்லை. கடைசி நாட்களில் அவர் வெறும் தண்ணீரை அளவுக்குழாயில் ஏற்றி இறக்கி, கண்ணுக்கு நேரே பிடித்துக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். "ஒருவேளை ஒரு கோடு தள்ளிப் பாத்துட்டேனோ என்னமோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டு பூச்சியும் ஒரே மாதிரி இருந்ததால் ராம்லாலின் பூச்சி மருந்துக்குப் பழகவில்லை, அளவுதான் போதவில்லை என்று முடிவாயிற்று; அவருக்குப் போன கடிதத்தில் அளவு குறையாமல் அடிக்கவும் என்று இருந்தது. அவர் அளவைக் கூட்டினார். ரயிலில் போகும்போதெல்லாம் பார்ப்பேன், முதுகில் டப்பாவோடு அந்த மருந்துப் புகைக்குள் நடந்துகொண்டிருப்பார். சில நாட்களில் நான் மறுபக்கத்து ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்துவிடுவேன்.

என் கூண்டு பிடிபடவே இல்லை. கொழுந்தோடு ஒடித்து வந்ததால் அது பல தாய்களின் கலப்பு. மருந்து படாமல் வருஷக்கணக்கில் வளர்ந்ததில், மருந்தைத் தாங்குகிற வம்சங்கள் மெல்லப் பின்தங்கி, மற்றவை பெருகிவிட்டன. பின்னால் வந்தவர்கள் சோதித்தபோது ஒழுங்காகச் செத்தது. அந்தப் பூச்சிக்குக்கூட நான் செய்ததை மறைக்கத் தெரிந்திருந்தது. தேஷ்முக் சார் ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் போய், அங்கேயே இறந்தும் போனார். சாகும்வரை அவருக்குத் தெரியாது.

மகளே, உன் கூண்டு செத்துப்போனால் செத்துப்போயிற்று என்று நோட்டில் எழுது. தேதி போட்டு எழுது. நான் சொல்லித்தரக்கூடியது இவ்வளவுதான்.

இதை எழுத உட்கார்ந்தபோது, மேடத்திடம் சொல்லாமல் உன்னிடம் சொல்வது சரியில்லை என்று பட்டது. மாட்டுங்காவில் அவர் அண்ணன் வீட்டைக் கண்டுபிடித்து விலாசம் வாங்கிக்கொண்டு, போன வியாழக்கிழமை வாஷிக்குப் போனேன். மூன்றாம் மாடி. மேடமே கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"மைதீன் பாய்! உள்ள வாங்கோ, உக்காருங்கோ. எத்தனை வருஷமாச்சு!"

எங்கள் கூடத்தைவிட்ட பிறகு வேறெங்கும் சோதனைக்கூடத்தில் சேரவில்லையாம். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறார். "எந்தக் காகிதத்தையும் மூணு தடவை பாக்காம அனுப்ப மாட்டேன். எல்லாரும் கேலி பண்ணுவா. என் கைமேல எனக்கே நம்பிக்கை போயிடுத்து, பாய்" என்று சிரித்தார். என் மனைவி, மகள் எல்லாரையும் விசாரித்தார். காபி கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை.

சொன்னேன். கெண்டி, மாடிக் கூண்டு, பாதையோரக் கொழுந்து, பிளேடு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். திட்டுவார், அழுவார், வெளியே போ என்பார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் சொல்வதற்குப் பல வருஷமாகச் சேர்த்துவைத்த பதில்கள் இருந்தன. அவர் ஏன் என்று கேட்கவே இல்லை.

"அப்போ என்னோட முதல் சுற்று?"

"சரி மேடம்."

"முதல் நாள் கலவை? அளவு?"

"எல்லாம் சரியாத்தான் இருந்துது மேடம். நீங்க ஒரு தப்பும் பண்ணல."

"இன்னொரு தடவை சொல்லுங்கோ."

சொன்னேன். அவர் எழுந்து நின்றார். உள் அறைப் பக்கம் திரும்பிக் கணவரைக் கூப்பிட்டார்.

"ஏன்னா, சித்த இங்க வாங்கோளேன். நான் தப்புப் பண்ணலையாம். அந்த லேப்ல நான் தப்பே பண்ணலையாம்!"

அந்தக் குரலில் கோபம் துளிகூட இல்லை. பரீட்சையில் தேறிய சின்னப் பெண்ணின் சந்தோஷம் இருந்தது. நான் படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகும் அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.